பத்து கிலோமீட்டருக்கு அப்பால்

2025 ஜூலை 11ஆம் தேதி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அனல்மின் நிலையங்களின் புகையில் வெளியேறும் கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவைப் பற்றியது அது. அந்த வாயுவை வடிகட்டும் கருவியை எந்த நிலையம் பொருத்த வேண்டும், எது பொருத்த வேண்டாம் என்று அதில் மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். டெல்லி தலைநகர்ப் பகுதியையோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தையோ ஒட்டி 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் முதல் வகை. அவை 2027 டிசம்பருக்குள் கருவியைப் பொருத்தியாக வேண்டும். மிக மோசமாக மாசடைந்தவை என்று அரசே பட்டியலிட்ட பகுதிகளுக்கும், காற்றுத் தரத்தில் தேறாத நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை இரண்டாம் வகை. அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். மீதியெல்லாம் மூன்றாம் வகை. அவை கந்தக வரம்பைக் கடைப்பிடிக்கத் தேவையில்லை. புகைபோக்கி விதிப்படி உயரமாக இருந்தால் போதும். நாட்டிலுள்ள சுமார் 600 அனல்மின் அலகுகளில் ஏறத்தாழ 78 சதவீதம் இந்த மூன்றாம் வகைக்குள் வருகின்றன.

செய்தி நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் வந்து போனது. நம் தெருக்களில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் நம் தெருவில் பேச வேண்டிய செய்தி இதுதான். பக்கத்தில் பெரிய நகரம் இருந்தால் அந்தக் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். கிராமம் மட்டுமே இருந்தால் வேண்டாம் என்று ஒரு தேசிய விதி கிலோமீட்டர் போட்டு எழுதியிருக்கிறது. தூரத்தை வைத்து மனிதரை மதிப்பிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பழந்தமிழில் ‘சேரி’ என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் சேரியில் இருந்தார்கள். பிறகு, ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களைப் பார்க்கிறோம். ஊர் இங்கே, சேரி அங்கே என்று நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. சேரியைத் தொட்ட காற்று ஊர்மேல் வீசக் கூடாது என்று திசை பார்த்து ஒதுக்கினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது வந்திருக்கும் விதியில் சாதியின் பெயர் இல்லை. இடைவெளி இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் 7ஆம் தேதி இதே அமைச்சகம்தான் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய மாசு வரம்புகளைக் கொண்டுவந்தது. தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், தண்ணீர்ச் செலவு என எல்லாவற்றுக்கும் வரம்பு. எல்லா நிலையங்களுக்கும், ஊர் பார்க்காமல். இரண்டே ஆண்டு கெடு. அந்தக் கெடு 2017இல் முடிந்தது, 2022க்கு நீட்டினார்கள். 2021இல் நிலையங்களை வகை பிரித்து வேறு வேறு கெடு வைத்தார்கள். 2022இல் மறுபடி நீட்டினார்கள். 2024 டிசம்பரில் இன்னும் மூன்று ஆண்டு. கடைசியில், நீட்டுவதற்குப் பதிலாக விதியையே பெரும்பாலான நிலையங்களின் மேலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்து ஆண்டு தவணை வாங்கியவருக்குக் கடனையே தள்ளுபடி செய்த கதை. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வட்டிக்கு ஒரு மாதம் தவணை கேட்டவர்களுக்கு இந்தத் தாராளம் புரியாது.

அரசு சொல்லும் காரணங்களையும் சொல்ல வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. நாட்டின் பெரும்பாலான இடங்களில் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது. கருவி வாங்குவதற்கு லட்சக்கணக்கான கோடி செலவாகும். அந்தக் கருவிக்கு எஃப்.ஜி.டி. என்று பெயர், சுண்ணாம்புக் கல்லை அரைத்துக் கூழாக்கிப் புகையின்மேல் தெளித்து, கந்தகத்தை ஜிப்சமாக மாற்றிப் பிடிக்கும். அதற்குச் சுண்ணாம்புக் கல் வெட்ட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், தண்ணீர் வேண்டும், நிலையம் தயாரிக்கும் மின்சாரத்திலேயே கொஞ்சம் அதற்குப் போகும். இதில் பொய் இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தை ஒட்டி வாழ்பவர்களைக் கேட்டால், ஒரு ஊரின் காற்றைக் கழுவ இன்னொரு ஊரில் புழுதி கிளப்ப வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்வார்கள்.

ஆனால் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. காற்றில் போகப் போக ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து சல்பேட் என்ற நுண்துகளாக மாறுகிறது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள். மூக்கு மயிர், சளி எதுவும் தடுக்காது. நேரே நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்தில் கலக்கும். இளைப்பு, நெஞ்சடைப்பு, பக்கவாதம், எடை குறைந்த பிரசவம் என்று மருத்துவர்கள் காற்று மாசோடு சேர்த்துச் சொல்லும் நோய்களுக்கு முதல் காரணம் இந்த நுண்துகள். ஆகவே காற்றில் கந்தக வாயு எவ்வளவு என்று மட்டும் அளந்துவிட்டு, வரம்புக்குள் இருக்கிறது, தொல்லையில்லை என்பது, பாதி வழியில் கணக்கை நிறுத்துவது. அந்த வரம்பும் யார் போட்டது? ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 80 மைக்ரோகிராம் கந்தக டை ஆக்சைடு இருக்கலாம் என்கிறது இந்திய விதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 40. நுண்துகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஆண்டுச் சராசரியாக நம் விதி 40 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 என்கிறது. நம் நுரையீரல் எட்டு மடங்கு உறுதியானது என்று யார் சோதித்தார்கள்?

10 கிலோமீட்டர் கணக்கும் அப்படித்தான். உயரமான புகைபோக்கி புகையை ஒழிப்பதில்லை; தூரமாக எறிகிறது. 200 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கிளம்பும் வாயு, துகளாக மாறுவதற்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். அதாவது நகரத்தைக் காப்பாற்றவும் இந்தக் கோடு முழுதாக உதவாது. காற்றுக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, காலனி எல்லையும் தெரியாது.

இனி காசுக் கணக்குக்கு வருவோம். கருவியைப் பொருத்தாமல் விட்டால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சம், அது மக்களுக்கு நன்மை என்று விளக்கம் சொன்னார்கள். எந்த மக்களுக்கு? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவி ஓடும் காலனி வீடுகள் பலவற்றில் அட்டையில் எழுதுவது அந்த நூறுக்குள்தான். அவர்கள் கட்டும் தொகை பூஜ்யம். பூஜ்யத்தில் 30 காசு எப்படிக் குறையும்? இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் ஓட்டும் குளிர்சாதன வீட்டுக்கு 300 ரூபாய் மிச்சமாகலாம். மாதம் லட்சக்கணக்கில் யூனிட் இழுக்கும் ஆலைக்கு நல்ல மிச்சம். மின்சாரத்தை அதிகம் செலவழிப்பவருக்கு லாபம் அதிகம். புகையை அதிகம் சுவாசிப்பவருக்கு ஒன்றுமில்லை. இளைப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கும் அலையும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது, வெளியே வாங்கச் சொல்லும் மருந்துக்குக் காசு போகிறது. இந்தச் செலவு யூனிட் விலையில் ஏறுவதில்லை. மின் கட்டணத்தில் ஏற வேண்டியது நம் வீட்டுச் செலவில் ஏறியிருக்கிறது.

நம் கடலூர் மாவட்டத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நெய்வேலியைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பத்து லட்சம் பேர் வாழும் நகரம் எதுவும் இல்லை. 1956இல் தொடங்கிய நிறுவனம், 1962இல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது. சோவியத் உதவியோடு கட்டிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டு ஓடி 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. இரண்டாம் நிலையமும் பிறகு வந்த அலகுகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதில் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். தோண்டத் தோண்ட நிலத்தடி நீர் பீறிட்டு வரும் என்பதால் இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். அந்தத் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கப் போன கதை நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். சுற்றிலும் நீர்மட்டம் இறங்கிய கதையும் தெரியும்.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் ஓர் ஆய்வை வெளியிட்டன. நெய்வேலியைச் சுற்றியும் பரங்கிப்பேட்டைப் பகுதியிலும் எடுத்த நீர், மண் மாதிரிகளில் பாதரசம், புளூரைடு போன்றவை வரம்பு மீறியிருப்பதாக அது சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு தன்னார்வ அமைப்பு மாதிரி எடுத்துச் சொல்லும்வரை, அறுபது ஆண்டாக அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் உடம்பை யார் சோதித்தார்கள் என்பதுதான் என் கேள்வி. காற்றை அளக்கும் அரசு நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. அளக்காத இடத்தில் மாசு இல்லை என்று ஏட்டில் வந்துவிடும்.

நிலம் போவதில் இன்னொரு கணக்கு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்களை இறக்கினார்கள். நாடே பார்த்தது, உயர் நீதிமன்றமும் வருந்தியது. ஏக்கருக்கு எவ்வளவு இழப்பீடு என்று பேச்சு நடந்தது. நியாயம்தான். ஆனால் ஏக்கர் இல்லாதவர்களின் இழப்பு ஏக்கர் கணக்கில் எப்படி வரும்? நாற்று நட்ட பெண்களுக்குக் களையெடுப்புக் கூலி, அறுப்புக் கூலி, வரப்புப் புல், வயல் நண்டு எல்லாம் அந்த வயலோடு போகின்றன. 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்களில் சுமார் 29 சதவீதம் பட்டியல் சாதியினர். நாட்டு அளவில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம்; 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் 9 சதவீதத்துக்கும் குறைவு. பட்டாவை வைத்து எழுதும் இழப்பீட்டுப் பட்டியலில் நம் பெயர் எத்தனை வரும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வேலையிலும் அப்படித்தான். 2020இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒரு கொதிகலன் விபத்து. ஜூலை 1இல் இன்னொன்று. ஜூலை விபத்தில் அன்றைக்கே இறந்த 6 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மின்சாரம் நிரந்தரம், அதை எடுப்பவர் தற்காலிகம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மின்சாரமே வேண்டாம் என்கிறாரா இவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரத் துறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. நாடு வறுமையிலிருந்து மீளத் தொழில் வளர வேண்டும், தொழில் வளர மலிவான, ஏராளமான மின்சாரம் வேண்டும் என்று 1943இல் வாதிட்டவர் அவர். அதே 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்த்தார். அடுத்த ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்தது. மின்சாரமும் வேண்டும், அதை எடுப்பவன் உடம்பும் கணக்கில் வர வேண்டும் என்று ஒரே மேசையில் இரண்டு கோப்பையும் வைத்துப் பார்த்தார். இன்று யூனிட் விலை ஒரு அமைச்சகத்தில், நுரையீரல் இன்னொரு அமைச்சகத்தில்.

புகை என்றால் வெளிப்புகை மட்டும் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் 43 சதவீத வீடுகளில்தான் எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருளில் சமைக்கிறார்கள். தமிழ்நாடு எவ்வளவோ மேல். 2007இலிருந்தே அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது இங்கே. ஆனால் அடுப்பு இருப்பதும் சிலிண்டர் இருப்பதும் ஒன்றல்ல. ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெற்ற குடும்பம் ஆண்டுக்கு வாங்குவது சராசரியாக நான்கைந்து சிலிண்டர். முழுக்க எரிவாயுவிலேயே சமைத்தால் ஏழெட்டாவது ஆகும். மீதி நாளுக்கு முந்திரிச் சுள்ளி, சவுக்கு மிலாறு, வேலிக்காத்தான். 2020இன் நடுவிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு எரிவாயு மானியம் பெரும்பாலோருக்கு நின்றே போயிருந்தது. அந்த நாட்களில் எத்தனை வீட்டில் அடுப்பை மாற்றினார்கள் என்று நம் அம்மாக்களைக் கேட்டால் தெரியும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசிக்கு மூட்டிய தீ அது, வணங்குகிறேன். கூரை தாழ்ந்த, சன்னல் இல்லாத ஒற்றை அறையில் எரியும் அடுப்பின் முன் முப்பது ஆண்டு உட்கார்ந்த பெண்ணின் இருமலை வணங்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் பகலில் முந்திரிக் கொட்டை வறுக்கும் புகை, இரவில் வீட்டு அடுப்புப் புகை, வானத்தில் நிலையத்தின் புகை. மூன்றும் போவது ஒரே நுரையீரலுக்குள். ஆனால் திட்டத்தில் மூன்றுக்கும் மூன்று துறை. சிலிண்டர் விலை ஏறினால் அது பெட்ரோலியத் துறைச் செய்தி. யாரும் அதைச் சுகாதாரச் செய்தியாக எழுதுவதில்லை.

கல்லூரிக் கூட்டங்களில் மாணவர்கள் கேட்பது வேறு கேள்வி: நிலக்கரியை மூடிவிட்டுச் சூரிய மின்சாரத்துக்குப் போய்விடலாமே? போகத்தான் வேண்டும். 2025இல் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாத வகை என்று அறிவித்தார்கள். திறனில்தான் பாதி, நடப்பில் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. சூரியத் தகட்டில் புகை இல்லை, அது பெரிய விஷயம். ஆனால் அதற்கும் நிலம் வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் நிலையத்துக்கு சுமார் 2,500 ஏக்கர் ஆனது. குத்தகைப் பணம் நிலம் வைத்திருப்பவருக்குப் போகும். அங்கே ஆடு மேய்த்தவருக்கும் கூலி வேலை செய்தவருக்கும் என்ன என்று முதல் நாளே கேட்காவிட்டால், புகை போகும், பழைய கணக்கு அப்படியே இருக்கும். நிலக்கரி நிலையம் மூடும்போதும் முதலில் வெளியே நிற்கப் போவது ஒப்பந்தத் தொழிலாளிதான். மாற்றம் வேண்டும் என்பவர்கள் அவருக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் அப்படித்தான் கேட்கிறேன்.

கேட்பதற்குச் சட்டத்தில் சில பிடிமானங்கள் இருக்கின்றன. அவற்றை நம்மில் பலர் எடுத்துப் பார்ப்பதில்லை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் நிலம் வைத்திருப்பவர் மட்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பகுதியில் மூன்று ஆண்டாக வேலை செய்து பிழைக்கும் விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரதாரர், கைவினைஞர் எல்லாரும் அதில் அடக்கம். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தால் தனி வளர்ச்சித் திட்டம் போட வேண்டும்; அவர்களுக்குச் சேர வேண்டிய, தீர்க்கப்படாத நில உரிமைகளைத் தீர்க்க வேண்டும்; பறிபோன நிலத்தின் உரிமையை மீட்டுக் கொடுக்கவும் சிறப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். 1892இல் நமக்கென்று ஒதுக்கிப் பிறகு கைமாறிப்போன பஞ்சமி நிலம் கையகப்படுத்தும் பட்டியலில் இருந்தால், வேறு ஒருவர் இழப்பீடு வாங்கிப் போவதற்கு முன் இந்தப் பிரிவைக் காட்டலாம். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது எவ்வளவு செல்லும் என்பது மாறும். ஆகவே அறிவிக்கை கையில் கிடைத்தவுடன் முதலில் சட்டத்தின் பெயரைப் பாருங்கள். வழக்கறிஞரிடம் அதைக் கொண்டுபோங்கள்.

அடுத்தது மாவட்ட கனிம அறக்கட்டளை. சுரங்கம் இருக்கும் மாவட்டங்களில் 2015இலிருந்து இந்த நிதி சேர்கிறது; நிர்வாகக் குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர். குடிநீர், சுற்றுச்சூழல், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு முன்னுரிமை கொடுத்துச் செலவழிக்க வேண்டிய பணம் அது. இதில் காலனிகளுக்கு எவ்வளவு வந்தது, எதற்கு வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். இதை மாணவர்கள் செய்யலாம்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அருகில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள். காலனித் தெருவில் காற்றை அளக்கும் கருவி வைக்க வேண்டும். காலனிக் குழாய்த் தண்ணீரிலும் கைப்பம்புத் தண்ணீரிலும் பாதரசம், புளூரைடு சோதித்து முடிவைத் தமிழில் ஒட்ட வேண்டும். நுரையீரல் பரிசோதனை முகாம் ஆண்டுக்கு ஒருமுறை நம் தெருவிலேயே நடக்க வேண்டும். கூலிக்குப் போகாத நாளாகப் பார்த்து. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை நின்று, எழுதியதை ஒருவர் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.